பழைய மோட்டார் வண்டியை வைத்திருப்பதா, விடுப்பதா?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய எம்மை மேடையேற்றுவோர் குறளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுமாறு பணிப்பதே வழக்கம். இம்முறை நம் செயலாளர் எம் இல்லத்திற்கு வந்தபொழுது, வேப்பமரத்தடியில் என்றும் நிற்கும் பழைய வண்டியைக் காணாமல், ‘அஃது எங்கே?’ என்று வினவினார். நிகழ்ந்தவற்றைச் சொன்னோம். ‘இதனையே கூட்டத்தில் சொல்லுங்கள், நம்மவருள் பாதிப்பேர் இதே தடுமாற்றத்தில் இருக்கின்றார்கள்’ என்றார். ஆதலின் இலக்கணம் பயின்றவர் இயந்திரம் பேசுகின்றார் என்று எவரும் நகைத்தல் வேண்டா. யாம் அத்துறையில் வல்லேம் அல்லேம். எம் வண்டியொன்றையே அறிவோம். அதனையும் காலங்கடந்தே அறிந்தோம்.

2009ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அதனை வாங்கினோம். சிறிய பெட்ரோல் வண்டி. அன்று எம் மகள் இரண்டு வயதுக் குழந்தை. எம் தந்தையார் தம் சேமிப்பில் ஒரு பங்கைக் கொடுத்து, ‘பஸ்சுக்கு நின்று நின்றே உன் பாதி ஆயுள் போய்விட்டது’ என்று சொல்லி வாங்கச் செய்தார். பின்னர் ஆறாண்டுகள் தூத்துக்குடியிலிருந்து ஊர்ப்புறப் பள்ளியொன்றுக்கு நாடோறும் 44 கிலோமீட்டர் அதில் சென்று மீண்டோம். தந்தையார்க்கு நோய் முற்றிய நாளில் நள்ளிரவில் பாளையங்கோட்டைக்கு அவரைக் கொண்டு சென்றதும் அதிலேதான். திரும்பி வருகையில் அவர் அதில் இல்லை. 2025ஆம் ஆண்டில் அதன் மீட்டர் 1,87,000 கிலோமீட்டரைக் காட்டிற்று.

அவ்வாண்டு மே மாதத்தில் எம் அன்னையாரைக் கண் மருத்துவத்திற்காக மதுரைக்கு அழைத்துச் சென்றோம். மனைவியும் மகளும் உடன் வந்தனர். எட்டயபுரம் தாண்டிப் பந்தல்குடியை நெருங்கும்பொழுது, சூடு காட்டும் முள் மேலேறுவதைக் கண்டோம். ‘அருப்புக்கோட்டை வரை போய்விடலாம்’ என்று எண்ணினோம், அது பிழை. இரண்டு கிலோமீட்டருக்குள் முன்மூடியின் இடுக்கிலிருந்து வெண்ணிற ஆவி கிளம்பிற்று. ரேடியேட்டரின் கீழ்க்குழாய், அஃதாவது ரப்பர் ஹோஸ், நீளவாக்கில் கிழிந்திருந்தது. நண்பகல் வேளை. இருபுறமும் கரிசற்காடு, நிழலென்று சொல்லத்தக்கது சீமைக்கருவேலம் ஒன்றே. எழுபத்து நான்கு வயதுடைய அன்னையார் அதனடியில் துண்டை விரித்து இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தார். எம்மை நோக்கி, ‘ஐயா, வண்டிக்கும் என் வயசுதானோ?’ என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எமக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வழி வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் நீர் கொடுத்து உதவினார். யாம் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனபொழுது, கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும் என்று கையைப் பற்றித் தடுத்தவரும் அவரே. அவர் பெயரைக் கேளாது விட்டது எமக்கு இன்றும் குறை.

அன்று மாலையே வீட்டில் வழக்கு எழுந்தது. எம் மைத்துனர், ‘அத்தான், இந்தத் தகரத்தை இன்னும் எத்தனை நாள் கட்டி அழுவீர்கள்? புது வண்டி எடுங்கள்’ என்றார். ‘பெண் இந்த வருஷம் காலேஜில் சேர்கிறாள், புது வண்டிக்கு எங்கே போவது?’ என்றார் எம் மனைவி. அன்னையாரோ, ‘உங்கள் அப்பா உட்கார்ந்த வண்டி’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். மூவர் கூறியதும் மெய்யே. எதனால் எதனை அளப்பதென்பது எமக்கு விளங்கவில்லை.

முதற்கண் கணக்கைப் பார்த்தோம். செலவை நோட்டில் எழுதும் வழக்கம் எம்மிடம் உண்டு. 2022-23இல் வண்டிக்குச் செலவு 18,400 ரூபாய்; மறு ஆண்டு 36,900; அதற்கு மறு ஆண்டு 41,250. ஆக மூன்றாண்டில் 96,550. இதனைக் கண்டவுடன் மைத்துனர், ‘பார்த்தீர்களா! வண்டியை விற்றாலே அறுபதாயிரந்தான் வரும். அதற்கு மேல் செலவழித்திருக்கிறீர்கள்’ என்றார். இவ்விடத்தில் சற்று நிற்றல் வேண்டும். ஏனெனில் நம்மவருட் பலரும் வழுக்குவது இவ்விடத்திலேதான். பழுது பார்க்கும் செலவை அவ்வண்டியின் சந்தை விலையோடு ஒப்பிடுதல் முறையன்று. அச்செலவைச் செய்யாதொழியின் வேறு எதற்கு எவ்வளவு செலவிட நேரும் என்பதோடு ஒப்பிடுதலே முறை. பிடரி நோவுக்குப் பசுவை விற்க எண்ணுபவன் பசுவின் விலையை மட்டுமா பார்ப்பான்? பாலை எங்கே வாங்குவது என்பதையும் பார்ப்பானன்றோ?

மேலும் அந்த 96,550இல் டயர் நான்கும் பேட்டரியுமே 24,000 ரூபாய். அவை புது வண்டிக்கும் சில ஆண்டிற் செய்ய வேண்டிய செலவே, மூப்பின் செலவாகா. அவற்றைக் கழிப்பின் 72,550. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 24,000, மாதத்திற்கு 2,000.

இனிப் புது வண்டியைப் பாருங்கள். ஏழு இலட்சம் விலையாகி, இரண்டு இலட்சத்தைக் கையிலிருந்து கொடுத்து, ஐந்து இலட்சத்தை நூற்றுக்கு 9 வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை 10,379 ரூபாய். ஐந்தாண்டு முடிவில் வட்டி மட்டும் 1,22,000 ரூபாய்க்கு மேற்படும். புது வண்டி பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்பர். உண்மை. எம் வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர். புதியது 19 தரும் என்று கொள்வோம். யாம் இப்பொழுது ஓட்டுவது ஆண்டுக்கு 7,500 கிலோமீட்டரே. மிச்சம் 141 லிட்டர். லிட்டர் நூறு ரூபாயாயின் ஆண்டுக்குப் பதினாலாயிரம் ரூபாய். மாதத்திற்கு ஆயிரத்து இருநூறு கூட இல்லை. நாடோறும் நூறு கிலோமீட்டர் ஓட்டும் வியாபாரிக்கு இக்கணக்குத் தலைகீழாகும், ஆசிரியர்க்கு ஆகாது. புது வண்டியின் விலை தேய்வதோ இன்னும் கொடிது. இன்சூரன்சுக் காரர் வண்டியின் மதிப்பைக் குறைக்கும் அட்டவணையில், ஆறு மாதத்திற்குள் நூற்றுக்கு 5, ஓராண்டு முடிவில் 15, இரண்டாம் ஆண்டில் 20, நான்கு கடந்து ஐந்தாண்டு வரையில் 50 என்று கழிவு வைத்திருக்கின்றனர். ஆகவே கணக்கு ஐயமின்றிச் சொல்லிற்று: பழையதை வைத்துக்கொள்க என்று. எம் மனைவியார் முகம் மலர்ந்தது.

அடுத்துச் சட்டம். ‘பதினைந்து ஆண்டு ஆனால் அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளுமாமே’ என்று நம் தெருவிலேயே பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பிறந்த இடம் தில்லி. அங்கே பத்தாண்டு கடந்த டீசல் வண்டியும் பதினைந்து கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடலாகாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதனை உறுதி செய்தது. அது தலைநகர்ப் பகுதிக்கே உரியது. சொந்த உபயோகத்துக்குரிய வண்டிக்குப் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். பின்னர் வண்டி தகுதியாயிருப்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். கட்டணந்தான் ஏறிற்று. முன்பு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினர். யாம் 2024இல் ஐயாயிரம் கட்டிப் புதுப்பித்தோம். விளக்கு எரிகின்றதா, ஹாரன் ஒலிக்கின்றதா, பிரேக்குப் பிடிக்கின்றதா என்று பார்த்தனர். குனிந்து அடியைப் பார்த்தவர் எவருமிலர். யாமும் பார்த்தோமில்லை.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். இப்பொழுது பங்குகளில் தருவது நூற்றுக்கு இருபது எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பின் செய்த வண்டிகளின் பாகங்கள் இதனைத் தாங்குமாறு அமைந்தவை. பழைய வண்டிகளிலோ எரிபொருட் குழாய், கேஸ்கட் முதலிய ரப்பர்ப் பாகங்கள் விரைந்து கெடக்கூடும். ஓட்டமும் சிறிது குறையும். இதற்காக வண்டியை விற்க வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு முறை குழாய்களைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்து, வெடிப்புக் கண்டால் உடனே மாற்றுக.

இவ்வளவில் யாம் வண்டியை வைத்துக்கொள்வதாகவே முடிவு செய்துவிட்டோம். தலைப்பாகம் சூட்டில் வளைந்திருக்கின்றதா என்று பார்ப்பதற்காகவே மெக்கானிக்கிடம் கொண்டு சென்றோம். அவர் முப்பதாண்டு அனுபவமுள்ளவர், பேச்சுக் குறைந்தவர். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தார். நான்கும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றன. அளவு சிறிது குறைந்திருப்பினும் நான்கும் ஒத்திருத்தலே முக்கியமாம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே வால்வோ ரிங்கோ கேஸ்கட்டோ கெட்டிருக்கும். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் இறங்கியிருக்கின்றது என்று பொருள். அதுவுமில்லை. புகையைப் பார்த்தார், நீலப்புகையாயின் ஆயில் எரிகின்றது, ஓயாத வெண்புகையாயின் தண்ணீர் எரிகின்றது என்றார். எம்முடையதில் இரண்டுமில்லை. டைமிங் பெல்ட்டை எப்பொழுது மாற்றினீர்கள் என்று கேட்டார். நோட்டைப் பார்த்துச் சொன்னோம். மகிழ்ந்தார். அப்பெல்ட் ஓடும்பொழுது அறுந்தால் பல இஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். சில ஆயிரத்தில் முடிவது பல பத்தாயிரமாகும். மீட்டர் எண் எவ்வளவு என்பதைவிட, இன்னின்ன வேளையில் இன்னின்னது மாற்றினோம் என்னும் எழுத்தே வண்டியின் மெய்யான வயதைக் காட்டும் என்றார். நோட்டு எழுதியதற்கு எமக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

பின்பு வண்டியை உயர்த்தும் பொருட்டுப் பக்கவாட்டில் ஜாக்கியை வைத்தார். வண்டி மேலே எழவில்லை. ஜாக்கி உள்ளே இறங்கிற்று. முறுக்குப் பொடிவதுபோல் ஓர் ஓசை. தகட்டிலிருந்து செம்பொடி அவர் தோளில் உதிர்ந்தது.

காரணம் எம் எல்லோரும் அறிந்ததே. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் நம் பகுதியிற் பெய்த மழையை எவர் மறப்பர்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். எம் தெருவில் வண்டி இருக்கையளவு நீரில் இரண்டு நாள் நின்றது. அன்று எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர், ‘சாவியைத் தொடாதே, இஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் சுற்றினவுடனே கம்பி வளையும்’ என்று எச்சரித்தமையால் இஞ்சின் பிழைத்தது. நீர் அமுங்காப் பொருளாதலின் சிலிண்டருக்குள் அது நிற்கும்பொழுது பிஸ்டன் மேலெழுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அந்த அளவில் யாம் அறிவுடையேமாய் இருந்தோம். ஆனால் தரைவிரிப்பை முழுதும் கழற்றி உலர்த்தினோமில்லை. மேலே காய்ந்ததைக் கண்டு காய்ந்ததென்றே நம்பினோம். அதன்மேல் நம் ஊரின் உப்பங்காற்று. உப்பளத்து லாரிகள் சொட்டிச் செல்லும் நீர் சாலையில் வெண்கோடாய்க் கிடப்பதைக் காண்கிறோம். அதன்மீதுதான் நம் வண்டிகள் ஓடுகின்றன.

துரு கதவோரத்தில் இருந்தால் அழகுக் குறை. அடியில் இருந்தால் அவ்வாறன்று. லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் தனியே சட்டகம் உண்டு. உடல் அதன்மேல் அமர்ந்திருக்கும். இக்காலத்துச் சிறு கார்களுக்குத் தனிச் சட்டகமில்லை. தரைத்தகடு, பக்கவாட்டுப் பெட்டி, தூண்கள் எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பெற்ற கூடே அதன் எலும்பு. மோதும்பொழுது அவ்விசையைத் தாங்குவதும் அக்கூடே. இருக்கை வார் இழுத்துப் பிடிப்பதும் அத்தகட்டை நம்பியே. மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: ‘அண்ணாச்சி, இஞ்சின் இன்னும் ஐம்பதாயிரம் ஓடும். ஆனால் இஞ்சினில் ஆள் உட்காருவதில்லையே.’

தகடு வெட்டிப் புதிது பற்றவைக்க அறுபது எழுபதாயிரம் ஆகும் என்றும், செய்தாலும் முன்னை உறுதி வருமென்று தாம் சொல்ல மாட்டார் என்றும் கூறினார். எம் நோட்டுக் கணக்கில் இதற்கு இடமில்லை. அன்றுதான் மற்றொன்றும் உறைத்தது. எம் வண்டியில் காற்றுப்பை ஒன்றுமில்லை. பூட்டாது தடுக்கும் பிரேக்கும் இல்லை. 2009இல் அவை கட்டாயமாக இருக்கவில்லை. மகளோ ஓட்டக் கற்று, பாட்டியை அழைத்துக்கொண்டு திருச்செந்தூர் போய் வருவேன் என்று சாவியைக் கேட்கும் வயதில் நிற்கின்றாள்.

வண்டியை விடுப்பது என்று அன்றிரவே முடிவாயிற்று. ஆனால் எவருக்கு விடுப்பது?

தரகர் ஒருவர் வந்தார். 55,000 தருவிப்பதாகச் சொன்னார். ‘அடியில் கறுப்புக் கோட்டிங் அடித்துவிட்டால் புதுசு மாதிரி இருக்கும், இரண்டாயிரம் செலவு’ என்றார். மைத்துனரும், ‘வாங்குகிறவன் பார்த்து வாங்கட்டுமே, அத்தான்; இதில் நமக்கென்ன?’ என்றார். உண்மையைச் சொல்கின்றோம், ஒரு நாள் முழுதும் அச்சொல் எமக்கு நியாயமாகவே தோன்றிற்று. கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய கெடு நெருங்கியிருந்தது. மறுநாள் தரகர் ஓர் இளைஞரை அழைத்து வந்தார். ஜவுளி மூட்டை கொண்டு ஊரூராகச் சென்று விற்பவராம். மனைவியையும் கைக்குழந்தையையும் உடனழைத்து வந்திருந்தார். அப்பெண் பின்னிருக்கையில் குழந்தையோடு அமர்ந்து பார்த்தாள். கீழே இருக்கும் தகடு எமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இளைஞரைத் தனியே அழைத்துக் குனிந்து பார்க்கச் சொன்னோம். அவர் பார்த்தார், ஒன்றும் பேசாமல் எம்மைக் கும்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டார். தரகர் எம்மைப் பேசிய பேச்சை இவ்வவையிற் சொல்லலாகாது. மைத்துனர் இரண்டு மாதம் எம் வீட்டுப் படியேறவில்லை. பின்னர் இதைக் கேள்வியுற்ற நம்மவர் ஒருவர், ‘அந்தப் பையன் நம்மவனா?’ என்று வினவினார். துருவுக்கு அது தெரியாது என்றோம்.

முடிவில் அரசிற் பதிவு பெற்ற உடைப்பகம் ஒன்றிற்குக் கொடுத்தோம். 22,000 ரூபாய் வந்தது. அங்கே வண்டியைப் பெற்றுக்கொண்டு வைப்புச் சான்றிதழ் தருகின்றனர். அதனைக் காட்டினால் புது வண்டியின் வரியில் நூற்றுக்கு 25 வரை சலுகைக்கு 2021ஆம் ஆண்டு மத்திய விதிகள் இடந்தருகின்றன. தெருவில் வரும் பழைய இரும்புக்காரருக்குக் கொடுப்பதில் இவ்வசதியில்லை. பதிவும் நம் பெயரிலேயே நிற்கும். வேறொருவருக்கு விற்போரும் இதனைக் கருதுக: பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறும் வரை, வண்டி விபத்துக்குள்ளானால் இழப்பீட்டுப் பொறுப்புப் பதிவுபெற்ற உரிமையாளரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, கையொப்பமிட்ட படிவத்தைத் தரகரிடம் விட்டு வருதல் போதாது.

புது வண்டிக்கு எமக்கு வலியில்லை. மூன்றாண்டு ஓடிய வண்டி ஒன்றை 4,60,000 ரூபாய்க்கு வாங்கினோம். ஒரு பகுதி சேமிப்பு, ஒரு பகுதி ஆசிரியர் கூட்டுறவுச் சங்கக் கடன். முதற் பெருந்தேய்வை முன்னவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். 2022இல் செய்ததாகவே இருத்தல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தோம். காரணம் இதுவே. பூட்டாது தடுக்கும் பிரேக்கு 2019 ஏப்ரலிலும், ஓட்டுநர் காற்றுப்பை அவ்வாண்டு ஜூலையிலும், அடுத்த இருக்கைக்குரிய காற்றுப்பை 2021 டிசம்பர் முடிவிலும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயின. எத்தனால் கலப்புக்காக 2023 ஏப்ரலுக்குப் பின்னதைத் தேடலாம். எம் பணம் அவ்வளவு நீளவில்லை.

பழைய வண்டி வாங்கும் நம் மாவட்டத்தார் வெள்ளத்தில் நின்ற வண்டியை விலக்க அறிதல் வேண்டும். அவற்றுட் பல மெருகிட்டுச் சந்தைக்கு வந்துள்ளன. இருக்கை வாரை முழுதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அதன் கடைசி முழத்தைக் கழுவ எவரும் நினைப்பதில்லை. சேற்றுக் கோடு அங்கே நிற்கும். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கின்றதா, மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் வண்டல் படிந்துள்ளதா, கண்ணாடிகளை ஏற்றி அரைமணி வெயிலில் நிறுத்தித் திறந்தால் ஈரவாடை வருகின்றதா என்று நோக்குக. யாம் பார்த்த ஐந்தில் இரண்டை அவ்வாறே தள்ளினோம். ஒன்றில் வாசனைத் திரவியம் மிகுதியாகத் தெளித்திருந்தனர்; அது கண்டே ஐயுற்றோம்.

அன்னையாரைப் புதிய வண்டியில் மறுபடி மதுரைக்கு அழைத்துச் சென்றோம். பந்தல்குடி வந்ததும் அச்சீமைக்கருவேல மரத்தைக் காட்டி, ‘அங்கேதானே உட்கார்ந்தோம்’ என்றார். பழைய வண்டியைப் பற்றி வேறொன்றும் கேட்டாரில்லை. அதன் முன்கண்ணாடியில் தந்தையார் ஒட்டிய முருகன் படத்தை மட்டும் பெயர்த்தெடுத்துப் பூசையறையில் வைத்திருக்கின்றார்.

ஒன்று சொல்லி அமர்கின்றோம். மேற்படி மெக்கானிக் வரும் ஞாயிறன்று காலை தம் பட்டறையில் நம் அங்கத்தினர் வண்டிகளை உயர்த்தி அடியைக் காட்டுவதற்கு இசைந்துள்ளார். கூலி வேண்டா என்றார். ஒரு பொழுதில் ஏழு வண்டிக்கு மேல் இயலாதாம். 2023 வெள்ளத்தில் நின்ற வண்டியுடையோர் முதலில் செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்க. தரைவிரிப்பை வீட்டிலேயே கழற்றிவிட்டு வரவேண்டும் என்பது அவர் கட்டளை.